கேன்லியில் பிறந்த காரும் பெருங்களத்தூர் அப்பாவும்

அரை மணி நேரத்துக்கு முன்புவரை ஒரு விரலால் தள்ளினாலே மூடிக்கொண்ட கதவு, இப்போது மேல்முனையில் முட்டிக்கொண்டு நின்றது. இடுப்பால் இடித்துப் பார்த்தேன். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பூட்டின் நாக்கு அதற்கான கொக்கியைவிட ஒரு விரற்கடை கீழே இருக்கிறது. கையில் சூடு ஆறாத, இரும்பு அறுக்கும் கிரைண்டர். காலடியில், நான் அறுத்துப்போட்ட நீளத் தகடு, துருவும், பள்ளத்தை அடைக்கப் பூசிய பழைய பட்டியும் உதிர்ந்தபடி கிடந்தது.

2017 மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. காரை வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1977ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரையை மடித்துவிடக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார். அதை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில், என் வீட்டுக் கொல்லையில் இருக்கும் ஒற்றைக் கார் கொட்டகையில் வைத்து, என் கையாலேயே புதுப்பிக்கப் போகிறேன் என்று கிளம்பியவன் நான். மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்த மாதிரிகள் அடைத்த கண்ணாடிக் குழாய்களைக் கையாள்வது என் தொழில். அதற்குமுன் நான் பிரித்துப் போட்டது ஒரு மேசை மின்விசிறி மட்டுமே.

தகட்டை அறுக்கச் சொன்னவர் அப்பா. அவர் சொன்னதில் தவறில்லை, வேறு காருக்கு.

அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அப்பா 1966இல் சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் பொருத்துநராகச் சேர்ந்தவர். அங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைத் தயாரித்தார்கள். டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு அது. மூலக்காரின் தாய்வீடு கவன்ட்ரியில் உள்ள கேன்லி. நான் வேலை கிடைத்து வந்து குடியேறிய வீட்டிலிருந்து அந்த இடம் இரண்டு மைல். இப்போது அங்கே தொழிற்சாலை இல்லை, கடைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. ஆனால் ஒரு தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர், இன்னொன்றுக்கு டாலமைட் அவென்யூ. முதல்முறை அந்தப் பலகையைப் படமெடுத்து அனுப்பியபோது அப்பா பதில் எழுதவில்லை, உடனே தொலைபேசியில் அழைத்தார். "அங்கேயா தம்பி இருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் பங்காளிகள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலொட்டி. ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரியைச் செய்து முடித்த நேரத்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்திடம் பணமில்லை. 1961இல் லேலண்ட் நிறுவனம் இதை வாங்கிக்கொண்ட பிறகு, வந்தவர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கையில் மூலையில் தூசித்துணி போர்த்திக் கிடந்த அந்த மாதிரியைக் கண்டு, தயாரிக்க ஒப்புதல் கொடுத்தார்கள். 1962இல் விற்பனைக்கு வந்து 1980 வரை ஓடிய வண்டி. எஞ்சினின் வம்சாவளி இன்னும் பழையது. 1953இல் ஸ்டாண்டர்டு எயிட் காரில் 803 சிசியாகப் பிறந்தது, ஹெரால்டில் 948, முதல் ஸ்பிட்ஃபயரில் 1147, பிறகு 1296, கடைசியில் என் காரில் 1493. அப்பா பெருங்களத்தூரில் இறுக்கிய அதே நான்கு சிலிண்டர்களின் தம்பிகளைத்தான் நான் கவன்ட்ரியில் தளர்த்திக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் காணொளி அழைப்பில் அப்பாதான் என் தலைமை மெக்கானிக். கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டை இங்கே சில் என்கிறார்கள். வாசற்படி என்ற அதே சொல். நானும் வாசற்படி என்றே சொல்கிறேன். அது துருப்பிடித்து அப்பளமாகியிருந்ததை அவருக்குக் காட்டினேன். "அது வெறும் தகடுதான் தம்பி, பாரத்தை எல்லாம் சேஸிஸ் தாங்கிக்கொள்ளும். அறுத்து எறி" என்றார். ஹெரால்டில் அது முழு உண்மை. அந்தக் காரின் சேஸிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, இரு ஓரத்திலும் இரும்புச் சட்டம் ஓடுகிறது, உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட் போட்டு உட்காருகின்றன. ஸ்பிட்ஃபயருக்காகச் சேஸிஸைக் குட்டையாக்கியபோது அந்த ஓரச்சட்டத்தை எடுத்துவிட்டார்கள். நடுவில் ஒரு முதுகெலும்பு மட்டும் மிச்சம். ஓரத்தின் பலம் முழுக்க இந்த வாசற்படிகளில்தான். பின்சக்கரத்தை முன்னும்பின்னும் நகராமல் பிடிக்கும் தண்டுகூடச் சேஸிஸில் இல்லை, உடலின் தரையில்தான் பூட்டப்பட்டிருக்கிறது.

நானோ காரை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஸ்டாண்டுகளில் நிறுத்தி, நடுவே தாங்கல் எதுவும் இல்லாமல், வலப்பக்க வாசற்படியை ஒரே மூச்சில் அறுத்திருந்தேன். நடு வயிறு தொங்கிவிட்டது. கதவுச் சந்தின் மேல்பக்கம் குறுகிக் கதவை நெரித்தது.

இடப்பக்கத்தையும் அறுக்காமல் விட்டது என் புத்திசாலித்தனம் இல்லை. கிரைண்டரின் தட்டு தேய்ந்துபோயிருந்தது.

கெட்டது எப்படி என்பதைவிடச் சரியானது எப்படி என்பதை விரிவாகச் சொல்கிறேன். இந்த வகைக் காரை வாங்கும் யாரும் இந்த வேலையைத் தாண்டிப் போக முடியாது. முதலில் காரை மறுபடி அதன் சக்கரங்களில் இறக்கினேன். ஸ்பிரிங்குகளில் உட்கார்ந்து, ஓடும்போது எப்படி நிற்குமோ அப்படி நிற்க வேண்டும். பிறகு கீல் இருக்கும் முன்தூணிலிருந்து பூட்டு இருக்கும் பின்தூணுக்குக் கதவுச் சந்தின் குறுக்கே ஓர் இரும்புக் குழாயைப் பூட்டினேன். குழாயின் நடுவில் திருகுமறை வெட்டிய தண்டு உண்டு. திருகினால் நீளும், திருப்பித் திருகினால் சுருங்கும். இருக்கையின் போல்ட் துளைகளையும் சீட் பெல்ட் துளைகளையும் பயன்படுத்திக்கொண்டேன், புதிதாக ஓட்டை போடவில்லை. கால் சுற்று திருகுவது, கதவை மூடிப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. இடப்பக்கக் கதவின் இடைவெளியை ஐந்து மில்லிமீட்டர் மரச்சீவலால் அளந்து, அதே சீவல் இங்கேயும் மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கத்தில் நழுவும்வரை. ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. இரவு ஒன்பதரைக்குக் கதவு 'டக்' என்று மூடியபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

புதிய வாசற்படி ஒரே தகடு அல்ல, மூன்று. வெளித்தகடு, உள்பக்கம், இரண்டுக்கும் நடுவே பலத்துக்காக நிற்கும் ஒரு தகடு. முந்தைய உரிமையாளர் ஒருவர் நான்காவதாக ஒன்றைச் செய்திருந்தார். அழுகிய பழையதை எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தகட்டைப் போர்த்திப் பற்றவைத்திருந்தார். வெளியில் பளபளப்பு, உள்ளே மண்ணும் ஈரமும். இப்படிப் போர்த்தியிருக்கிறதா என்பதைக் கதவைத் திறந்து அடி விளிம்பைத் தடவிப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். தகட்டின் ஓரம் கூர்மையாக இல்லாமல் தடித்து, இரட்டைக் கோடாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வெல்டிங்கை நான் ஓர் உள்ளூர்க் கல்லூரியின் மாலை வகுப்பில் பத்து வாரம் கற்றேன். இந்தத் திட்டத்தில் நான் செலவழித்த பணத்திலேயே பயனுள்ளது அதுதான். மெல்லிய தகட்டைக் கோடு இழுப்பதுபோலத் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் நெளிந்து ஓலைச்சுவடிபோல் சுருண்டுவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி அரை அடி தள்ளி, மூன்றாவது மறுமுனையில், முதல் இடம் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே அதன் அருகில் அடுத்தது. ஒவ்வொரு பத்துப் புள்ளிக்கும் கதவை மூடிப் பார்க்க வேண்டும். கதவைக் கழற்றி வைத்துவிட்டு வாசற்படியைப் பொருத்துகிறவர்கள் பின்னால் அழுவார்கள். ஒரு பக்கம் முற்றிலும் முடிந்து குளிர்ந்த பின்னரே மறுபக்கத்தைத் தொட்டேன். எல்லாம் முடிந்ததும் உள்ளே குழாய் விட்டு மெழுகு பீய்ச்சினேன். வெளியே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் இந்தப் பெட்டிகள் உள்ளிருந்துதான் சாகின்றன. அடியில் தண்ணீர் வழிய வைத்திருக்கும் சிறு துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் ஓர் ஊசியால் குத்தி விடவும் மறக்கக் கூடாது.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஓரச்சட்டத்தை எடுத்துவிட்டார்களா? எவ்வளவு தைரியம்!" என்றார். மன்னிப்பு மாதிரி எதுவும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எதைச் சொன்னாலும் "உன் வண்டியில் எப்படியோ, புத்தகத்தைப் பார்த்துக்கொள்" என்று சேர்க்க ஆரம்பித்தார். நிறுவனத்தின் பழைய பழுதுபார்ப்புக் கையேட்டின் மறுபதிப்பு கிடைக்கிறது. ஸ்பேனர் வாங்குவதற்குமுன் அதை வாங்க வேண்டும். நான் பின்னால் வாங்கினேன்.

இன்னொரு தவறை முதல் குளிர்காலத்திலேயே செய்திருந்தேன். காரை வாங்கிய உற்சாகத்தில் ஆறே வார இறுதிகளில் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். எஞ்சின் இறங்கியது, இருக்கைகள் மாடிக்குப் போயின, டாஷ்போர்டு மீட்டர்கள் சாப்பாட்டு மேசையில் வரிசையாக உட்கார்ந்தன. கழற்றுவதில் ஒரு போதை இருக்கிறது. ஒவ்வொரு நட்டும் ஒரு வெற்றி. போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தேன். பிரேக் சுத்தம் செய்யும் திரவம் தெளித்த கையோடு அந்தப் பைகளை எடுத்தபோது எழுத்தெல்லாம் கரைந்து விரலில் ஒட்டிக்கொண்டது. நாற்பத்து மூன்று பைகள், ஊமையாக. அவற்றில் பன்னிரண்டு பைகளில் இருந்தவை எந்த இடத்துக்கு உரியவை என்று கண்டுபிடிக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. இப்போது, ஒரு பாகத்தைக் கழற்றியதும் அதன் போல்ட்டுகளை அதே துளைகளில் இரண்டு சுற்றுத் திருகி விட்டுவிடுகிறேன். பையும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். படம் எடுக்கும்போது ஒன்றைக் கிட்டத்திலும் ஒன்றை நாலடி தள்ளியும் எடுங்கள். கிட்டப் படத்தில் ஒரு கம்பியின் நுனி அழகாகத் தெரியும், அது காரின் எந்த மூலை என்று மட்டும் தெரியாது.

மறுபடி செய்வதானால் முழுக்கப் பிரிக்கவே மாட்டேன். ஒரு மூலையை எடுத்து, பிரேக், ஸ்பிரிங், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் முடித்து, சக்கரத்தை மாட்டிவிட்டு அடுத்த மூலைக்குப் போவேன். உருட்டித் தள்ளக்கூடிய கார் கார்தான். நான்கு சக்கரமும் இல்லாத கார் ஓர் இரும்புக் குவியல், அதை வைத்திருக்கும் வீட்டில் அமைதி இருக்காது. மனைவி ஒருநாள் ஸ்பீடோமீட்டரை மெல்ல நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் சாம்பார் கிண்ணத்தை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவே மீட்டர்கள் மாடிக்குப் போயின.

ஹெரால்டு அறிவு என்னைக் காப்பாற்றிய இடமும் உண்டு. முன்சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் டிரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. மறையுள்ள இரும்புத் தண்டு அதற்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்த மறையில் சுழல்கிறது. ஆகவே உள்ளே எண்ணெய் நிற்க வேண்டும், கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டி எண்ணெய். அங்கே இருக்கும் துளையைப் பார்த்தால் கிரீஸ் நிப்பிள் பூட்டும் துளைபோல் இருக்கும். எல்லாரும் கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கிரீஸ் மறையின் அடிவரை இறங்காமல் நாளடைவில் இறுகிவிடும், தண்ணீர் நுழையும், துரு அரிக்கும். ஒருநாள் முச்சந்தியில் மெல்லத் திரும்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் காருக்கு அடியில் மடங்கும்.

"தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் அப்படி முழங்கால் போட்டு உட்கார்ந்த ஹெரால்டுகளை எத்தனை பார்த்திருக்கிறேன் தெரியுமா?" என்றார் அப்பா. "கிரீஸ் அடிக்காதே. எண்ணெய் விடு. ஓரத்தில் கசிந்து வடிகிறவரை விடு."

"புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறதுப்பா."

"புத்தகத்தில் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்."

என் காரில் இருந்ததைக் கழற்றியபோது உள்ளே பழுப்பு மெழுகாகக் காய்ந்துபோன கிரீஸ். ஒரு பக்கத்துத் தண்டின் மறை, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. இரண்டு பக்கமும் புதிது போட்டேன். பாகங்களுக்குப் பஞ்சமில்லை என்பது இந்தக் காரின் பெரிய வரம். மூன்று லட்சத்துக்கும் மேல் செய்த கார், ரப்பர் வளையத்திலிருந்து முழு பானெட் வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. முதன்முதலாகப் பழைய காரைத் தொடுகிறவர்கள் அபூர்வமான காரைத் தேடாமல், நிறையச் செய்யப்பட்ட காரைத் தேடுவது நல்லது.

எஞ்சினைப் பற்றி ஒன்றே ஒன்று. வாங்கும்முன் பானெட்டைத் தூக்குங்கள். ஸ்பிட்ஃபயரில் முன்பகுதி முழுவதும், மட்கார்டுகள் உட்பட, மூக்கோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். எஞ்சின் முழுசாக வெளியே வந்துவிடும். முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம், அப்படி ஒரு வசதி நான் வேறு எந்தக் காரிலும் பார்க்கவில்லை. ஒருவரை கிளட்சை மிதித்து விடச் சொல்லிவிட்டு, எஞ்சினின் முன்னால் இருக்கும் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிற அளவில் முன்னே நகர்ந்தால் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். பிறை வடிவில் இரண்டு சின்னத் துண்டுகள். தேய்ந்து மெலிந்தால் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிடும், பிறகு கிராங்க் எஞ்சினின் உடலையே அரைக்கத் தொடங்கும். என் காரில் புல்லி நகர்ந்ததை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்கத் தெரியாது. நல்லவேளையாக, அரைக்கத் தொடங்குவதற்குச் சற்றுமுன் பிரித்திருந்தேன். புதியதைப் போடும்போது பள்ளக் கோடுகள் உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது கியரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடும் பழக்கத்தையும் சேர்த்தே பொருத்திக்கொள்ளுங்கள். மிதித்தபடி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிறைகளைத்தான் தேய்க்கிறீர்கள்.

பெயின்டுக்கு வருகிறேன். கார் எனக்கு வந்தபோது சிவப்பு. கதவின் உள்தோலை உரித்தபோது அடியில் மஞ்சள் தெரிந்தது. கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கட்டணம் செலுத்தினால், பழைய தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் எடுத்துத் தருகிறார்கள். எந்த நாளில் கட்டப்பட்டது, எந்த நிறம் என்றெல்லாம் அதில் இருக்கும். இன்கா மஞ்சள் என்று வந்தது. பழுத்த மாம்பழத்தோல் நிறம். மறுபடி அதற்கே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

உப்புத்தாள் வேலை, பட்டி, ப்ரைமர்வரை எல்லாம் கொட்டகையில் நானே செய்தேன். 2020 ஊரடங்கு மாதங்கள் முழுக்க எனக்கு உப்புத்தாள்தான் நினைவிருக்கிறது. மருத்துவமனையில் நீண்ட பணிநேரம் முடிந்து வந்து, யாரோடும் பேசாமல், ஈரத்தாளால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருப்பேன். கண்ணைவிட உள்ளங்கைக்கு மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுத் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். கடைசி நிறத்தை மட்டும் வெளியே கொடுத்தேன். இப்போது கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாகம் கலக்கும் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் கவசம் இல்லாமல் அதை அடிப்பது மூச்சுக்குழலோடு சூதாடுவது. நான் கொடுத்த கடைக்காரர் மூன்று வாரம் என்றார், ஐந்து மாதம் வைத்திருந்தார். அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எழுதி வாங்கிக்கொள்ளாதது என் தவறு.

திரும்பி வந்த மாம்பழத்தில் ஒயர்களை மாட்டினேன். பாட்டரியை இணைத்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை. பிறகு இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாகச் சிணுங்கியது. இரண்டு வார இறுதிகள் வீண். பழைய பிரிட்டிஷ் கார்களின் ஒயர் நிறங்களுக்கு ஒரு முறை உண்டு. பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி திருப்பியதும் வருவது, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் வழியாகப் போவது, நீலம் முகப்பு விளக்கு, கறுப்பு எர்த். நான் பழுப்பையும் பச்சையையும் துரத்திக்கொண்டிருந்தேன். குற்றவாளி கறுப்பு. உடலில் எர்த் பூட்டும் இடங்களிலெல்லாம் புதுப் பெயின்ட் அழகாக மூடியிருந்தது. ஒரு போல்ட் அளவுக்கு, அழகான அந்த மஞ்சளைச் சுரண்டி எடுக்க மனம் வரவே இல்லை. சுரண்டியதும் எல்லாம் எரிந்தன.

பாதுகாப்பைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், இரண்டு மட்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். பழைய பிரேக் டிரம்மைத் திறந்ததும் ஊதாதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள்.

பணக்கணக்கு கேட்பீர்கள். வாங்கியது 1,800 பவுண்டு. பாகங்கள், கருவிகள், வகுப்பு, எஞ்சின் கடைசல் வேலை, பெயின்ட் எல்லாம் சேர்த்து 9,400 பவுண்டுக்குக் கணக்கு வைத்திருந்தேன், அதன்பின் நோட்டை மூடிவிட்டேன். இதே காரை யாரோ முடித்து வைத்திருந்தால் அந்தத் தொகையைவிடக் குறைவாகவே வாங்கியிருக்கலாம். லாபத்துக்காக இதில் இறங்குகிறவர்கள் நிலத்தை வாங்குவது மேல். காரைத்தான் வாங்குவேன் என்றால், துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வாசற்படியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. எஞ்சின் பழுதான காரை வாங்கலாம். எஞ்சின் கிளம்பும் ஓசையில் மயங்கி, உடல் அழுகிய காரை வாங்கக் கூடாது. நான் இரண்டாவதைச் செய்தேன்.

2021 ஜூன் மாதம் கார் தெருவுக்கு வந்தது. நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் இங்கே ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் இல்லை. இருந்தும் கொண்டுபோய்க் காட்டினேன். சோதித்தவர் பத்து நிமிடத்தில் என்னைக் கீழே கூப்பிட்டு டார்ச் அடித்தார். நான் பெருமையோடு வளைத்த பின்பக்க பிரேக் குழாய், சேஸிஸின் ஒரு விளிம்பில் உரசி ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது. எனக்கு நானே கொடுத்த சான்றிதழை எத்தனை நாள் நம்பியிருப்பேன் என்று நினைக்க இப்போதும் கை குளிர்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் பெட்ரோல் பங்குகளில் எத்தனால் பத்து சதவீதம் கலந்த பெட்ரோல் வழக்கமானதாகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் இளக்கிவிடும். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன், ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாத விலை கூடிய பெட்ரோலையே போடுகிறேன். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 2000 தொடக்கத்தில் நின்றுபோனதால், அந்த ஈயத்தின் காப்பு இல்லாமல் தேய்ந்துவிடக்கூடிய, எக்ஸாஸ்ட் வால்வுகள் உட்காரும் வளையங்களையும் கடைசல் வேலையின்போதே கடினமான ரகத்துக்கு மாற்றியிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் 2022 கோடையில் வந்தார்கள். விமானப் பயணக் களைப்பு தீருமுன்பே அப்பா கொட்டகைக்குப் போய் நின்றார். காரை ஒரு சுற்று சுற்றினார். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு விரலால் தள்ளி மூடினார். வலப்பக்கக் கதவை மட்டும் இரண்டு முறை.

மறுநாள் ஹெரால்டு அவென்யூவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பெயர்ப்பலகைக்குக் கீழே நிறுத்தினேன். இருபத்து நான்கு அடி வட்டத்துக்குள் இந்தக் கார் திரும்பிவிடும் என்பதால் அங்கேயே ஒரே வளைப்பில் திருப்பிக் காட்டினேன். "ஹெரால்டும் இப்படித்தான் திரும்பும்" என்றார். வேறு ஒன்றும் பாராட்டவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே வந்தார்.

"டேப்பட் சத்தம் இருக்கிறது."

"போன மாதம்தான் சரிசெய்தேன்ப்பா."

"சூட்டில் செய்தாயா, ஆறிய பிறகா?"

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை, எஞ்சின் இரவெல்லாம் ஆறிக் கிடந்த பிறகு, பானெட்டைச் சாய்த்தோம். எழுபத்தேழு வயதுக்காரர் முன்டயரின்மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொன்னார். நான்காவது கியரில் போட்டுவிட்டு, என்னைப் பின்னாலிருந்து காரை விரல் விரலாகத் தள்ளச் சொன்னார். டேப்பட் சத்தம் என்பது வால்வுகளின் இடைவெளி தவறியதால் வருவது. இந்த எஞ்சினில் எட்டு வால்வுகள். எது முழுக்கத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், எதைச் சரிசெய்ய வேண்டுமோ அந்த எண் வரும். ஒன்று திறந்தால் எட்டு. மூன்று திறந்தால் ஆறு. இடைவெளி, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு, குளிர்ந்த நிலையில்.

"எது திறந்திருக்கிறது?"

"ஐந்துப்பா."

"அப்படியானால்?"

"நான்கு."

இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நான்காம் வால்வின் இடுக்கில் விட்டு, முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பிறகு என் விரலைப் பிடித்து அந்தத் தகட்டின்மேல் வைத்து, "இந்த இறுக்கம்தான். வெண்ணெய்யில் கத்தி போவதுபோல" என்றார்.

ஆறு வால்வுகள் முடிந்திருந்தபோது அம்மா சமையலறைச் சன்னலைத் திறந்து சாப்பிடக் கூப்பிட்டார்.

"இன்னும் இரண்டு இருக்கிறது" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். "தள்ளு."